பட்டணத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு மாட்டின் மேல் பாசம் உண்டா?

கேள்வி – 11 ஜனவரி 2025, இரவு 9.40

காலையில் கறந்துவிட்டுத் தெருவில் விரட்டிவிடுகிறார்கள். அது குப்பைத்தொட்டியில் மேய்கிறது, பிளாஸ்டிக் தின்கிறது, நடந்து போகிறவர்களை முட்டுகிறது. சாயங்காலம் பிடித்துவந்து மறுபடி கறக்கிறார்கள். சென்னையில் மாடு வைத்திருப்பவர்களுக்கு மாடு என்பது பால் மிஷின். பாசம், குடும்பத்தில் ஒருத்தி என்றெல்லாம் யாரும் கதை விடவேண்டாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு 11.15

மறுப்பு இருக்கிறது. படுக்கப் போகிற நேரத்தில் இதைப் படித்துவிட்டேன், இனி தூக்கம் வராது.

என் அப்பா திருவல்லிக்கேணியில் 1972 முதல் 2017 வரை மாடு வைத்திருந்தார். அவருக்கு முன்னால் தாத்தா. பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர். அப்பா கைக்கு வந்தபோது நான்கு மாடு. நான் பிறந்த 1985இல் பதினொன்று. போன கார்த்திகையில் அப்பா போய்விட்டார். எழுபத்தாறு வயது.

மிஷின் என்ற வார்த்தைதான் உறுத்துகிறது. கன்று போட்ட மாட்டின் காது நுனியை அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தொட்டுப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் அவருக்கு அடிவயிறு கலங்கிவிடும். பால் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. பேர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துபோகும். பால் ஊற ஆரம்பித்ததும் ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து மடிக்கு இறங்கிவிடும். மாடு எழ முடியாமல் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி விலாவில் வைத்துக்கொள்ளும். சில மணி நேரத்துக்குள் கால்சியம் ஏற்றாவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

கருப்பிக்கு அப்படி வந்தது. கொட்டுகிற மழையில் அப்பா சைக்கிளை மிதித்துப் போய், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு டாக்டரை எழுப்பிக் கூட்டிவந்தார். கழுத்து நரம்பில் ஊசி. பாட்டிலைத் தலைக்கு மேலே பிடித்தபடி அப்பா நின்றார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் சொட்டுச் சொட்டாக. கை மாற்றிக்கொள்ள அண்ணன் போனபோதும் கொடுக்கவில்லை. பாட்டில் தீர்ந்தது. கருப்பி ஒரு ஏப்பம் விட்டாள், சாணி போட்டாள், முன்கால் ஊன்றி எழுந்தாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

12 ஜனவரி, விடியற்காலை 5.20

தூங்கவில்லை. இந்நேரத்துக்கு எங்கள் வீட்டில் முதல் கறவை முடிந்து இரண்டாவது நடை போயிருக்கும்.

கறப்பதைப் பற்றி எழுதுகிறேன், பார்க்காதவர்களுக்காக. முதலில் கன்றை அவிழ்த்துவிடுவார். அது ஓடிவந்து மடியை முட்டும். கன்று முட்டினால்தான் தாய்க்கு ஒரு சுரப்பு ஊறி, மேலே நிற்கிற பால் காம்புக்கு இறங்கும். சில நிமிஷம்தான் அந்த இறக்கம். அதற்குள் கறக்க வேண்டும், மாட்டைப் பயமுறுத்தினால் அதுவும் நின்றுவிடும். அதனால் தொழுவத்தில் அந்த நேரத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது. அம்மா பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்கமாட்டாள், கையிலேயே வைத்திருப்பாள். இந்த இறக்கத்தை ஊசி போட்டு வரவழைக்கிறவர்கள் இருந்தார்கள். அந்த ஊசி எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைத் துடைப்பார். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு. நிறையப் பேர் கட்டைவிரலை மடக்கி, அந்தக் கணுவால் காம்பை நசுக்கிக் கறப்பார்கள். சீக்கிரம் வரும், ஆனால் காம்புக்குள்ளே காயம் படும், மடிநோய்க்கு அது ஒரு வழி. அப்பா முழுக் கையால் பிடிப்பார். மேலே மூடி, ஒவ்வொரு விரலாகக் கீழே இறக்குவார். முதல் பீச்சு சொம்பின் அடியில் விழும்போது கணீரென்று இருக்கும், போகப் போக நுரைக்குள் விழுந்து சத்தம் அடங்கும். படுத்தபடியே அந்தச் சத்தத்தை வைத்து இது லட்சுமி, இது சிவப்பி என்று சொல்லுவேன்.

ஒரு காம்பு எப்போதும் கன்றுக்கு. அப்பா அதைத் தொடமாட்டார்.

12 ஜனவரி, மத்தியானம் 1.30

ஒருவர் கேட்டிருக்கிறார்: "தண்ணீர் கலந்தாரா?" இல்லை. பார்த்தசாரதி கோயில் பக்கம் ஒரு வீட்டுப் பாட்டி தினமும் பால்மானியை விட்டுப் பார்ப்பார். அப்பா குனிந்து, "காய்ச்சல் எவ்ளோ இருக்குது பாட்டிம்மா?" என்று கேட்பார். இருபது வருஷம் அதே கேள்வி. பாட்டி இருபது வருஷமும் சிரித்தார்.

அப்புறம் கயிறு. ராத்திரி முழுக்க எனக்கு அந்தக் கயிறுதான் நினைவு. அப்பாவின் கட்டு தனி. முளையைச் சுற்றி இரண்டு சுற்று. இரண்டாவது சுற்றுக்கு அடியில் நுனியை விடும்போது நேராக விடாமல் மடித்து விடுவார், காது மாதிரி ஒரு வளையம் வெளியே நிற்கும். மாடு இழுக்க இழுக்க இறுகும். வெளியே தொங்குகிற நுனியை நாம் சொடுக்கினால் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். மாடு சறுக்கி விழுந்து கழுத்து மாட்டிக்கொண்டாலோ வைக்கோலில் தீப்பிடித்தாலோ முடிச்சோடு போராட நேரம் இருக்காது என்பார். அவர் கட்டியது தானாக அவிழ்ந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு ஒன்பது வயதில் கற்றுக்கொடுத்தார். அண்ணனுக்கு அல்ல, எனக்கு. அவன் என்னைவிட நான்கு வயது பெரியவன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

12 ஜனவரி, இரவு 8.05

வைக்கோல் கன்று பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், அவருடைய பாட்டி சொன்னதாக. உண்மைதான். வீட்டு வாசலுக்கே மாட்டை ஓட்டிவந்து, கண்ணெதிரே கறந்து கொடுத்த காலம் அது. தாத்தா அப்படித்தான் செய்தார். கன்று செத்துப்போனால் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே வைக்கோல் திணித்துத் தைப்பார்கள். அதை மாட்டுக்கு முன்னால் நிறுத்தினால் அது நக்கும், பால் விடும். அந்தப் பொம்மையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனது, பதினான்கு பதினைந்து வயதில், என் அப்பா.

தாய் நக்கி நக்கி ஒரு பக்கத்தில் முடியெல்லாம் போய்த் தோல் வழுவழுவென்று ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். மழை நாளில் நாறும். அதையும் அவள் நக்குவாளாம்.

1963இல் மாதவரத்தில் நியூசிலாந்து உதவியோடு பால் பண்ணை வந்தது. டிப்போ, அட்டை என்று பட்டணம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஆனால் எங்கள் தெருக்களில் கறந்த பால்தான் வேண்டும் என்கிற வீடுகள் இருந்துகொண்டே இருந்தன. அப்பா பொறுப்புக்கு வந்ததும் செய்த முதல் காரியம் அந்தப் பொம்மையை மறுபடி செய்யாமல் விட்டதுதான். கன்று போன மாட்டுக்கு முன்னால் தவிடும் புண்ணாக்கும் கலந்த தொட்டியை வைத்து, அம்மா அதன் தாடையைச் சொறிந்துகொண்டே நிற்க, அப்பா கறப்பார். பாதிதான் கிடைக்கும். சில மாடு ஒரு வாரத்தில் வற்றிவிடும். தாத்தா திட்டினார். அப்பா கேட்கவில்லை. "அவளை எத்தினி தபா ஏமாத்தறது" என்பார். எனக்குத் தெரிந்து அவர் தாத்தாவை எதிர்த்தது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்.

13 ஜனவரி, காலை 10.45

ஒரு பக்கத்தை மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்டவருக்கு இது நியாயம் இல்லை. மறுபாதியையும் சொல்ல வேண்டும்.

அப்பாவும் மாட்டைத் தெருவில் விட்டிருக்கிறார். 1994 வரை. பதினொரு மாட்டுக்குத் தொழுவத்தில் நாளெல்லாம் நிற்க இடம் கிடையாது, தீவனத்துக்குக் காசும் கட்டாது. சாதுவான நாலைந்தைக் காலைக் கறவை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார். ஐஸ் ஹவுஸ் வரைக்கும் போய்விட்டுச் சாயங்காலம் தானாக வந்து வாசலில் நிற்கும். அப்போது அது எங்களுக்குத் தப்பாகத் தெரியவில்லை.

சிவப்பியை விடமாட்டார். அன்றைக்கு அவள் கன்று போட்டு ஆறாவது நாள். கன்றோடு இருக்கிற மாடு நிழலைக் கண்டாலும் சீறும். கட்டு எப்படியோ அவிழ்ந்து வெளியே போய்விட்டாள். எதிரே ஒரு நாய், நாய்க்குப் பின்னால் கூடையோடு பூக்காரப் பாட்டி. நாய் ஓடிவிட்டது. பாட்டி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து நான் வந்தபோது தெருவில் கூட்டம். சாக்கடை ஓரத்தில் கனகாம்பரம் சிதறிக் கிடந்தது. அப்பா பாட்டியைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு, சத்தம் போடுகிற எல்லாரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னார். "என் கைத் தப்பு. நான்தான் சரியாக் கட்டல." போலீஸ்காரரிடமும் அதுதான். பாட்டியின் மகனிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்.

அந்த மாதமே ஐந்து மாட்டை விற்றார். ஆறு மாட்டைத்தான் கட்டிவைத்துக் காப்பாற்ற முடியும் என்று கணக்கு. அதற்கப்புறம் கடைசிவரை எங்கள் மாடு ஒன்றுகூடக் கயிறு இல்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. நகரங்களில் மாடு வளர்க்க உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது 1997இல். அப்பா அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே திருந்தியிருந்தார், ஆனால் அதற்கு ஒரு பாட்டியின் இடுப்பு போக வேண்டியிருந்தது. இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

பாட்டிக்கு அன்று முதல் தினம் அரை லிட்டர். 2003இல் அவர் இறக்கும்வரை. பால் கணக்கு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. எல்லா வீட்டுப் பக்கத்திலும் தினமும் ஒரு சாய்ந்த கோடு, மாதக் கடைசியில் தொகை. பாட்டியின் பக்கத்தில் மட்டும் கோட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன வட்டம், தொகை இருக்க வேண்டிய இடம் காலி. ஏன் வட்டம் என்று தெரியவில்லை.

அப்பா அன்றைக்கு எப்படி அப்படிக் கட்டினார் என்பதும் எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

13 ஜனவரி, இரவு 10.20

மாடு எங்கே வாங்கினார் என்று கேட்டவருக்கு. வேலூர் தாண்டிப் பொய்கைச் சந்தை. ஞாயிற்றுக்கிழமை சந்தை. முதல் நாள் ராத்திரியே கிளம்பிவிடுவார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார்.

விலை பேசுகிறவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். எத்தனை விரல், எந்தக் கணு என்பதுதான் பேச்சு. முகத்தில் ஒன்றும் தெரியாது. நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் விற்பவரைவிடக் கல்லாக நின்றார். பல் பார்ப்பார், எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டதா என்று. வயிற்றுக்கு அடியில் ஓடுகிற பால் நரம்பைத் தடவுவார், தடிமனாக வளைந்து வளைந்து போனால் நல்லது. நாலு காம்பையும் பீச்சிப் பார்ப்பார். சுழி பார்க்கச் சொல்லிக் கூட வந்தவர்கள் தொல்லை செய்தார்கள். "சுழி தாயார் பாத்துப்பா" என்று விட்டுவிட்டார். லாரியில் மாட்டோடு நின்றுகொண்டே வந்தார், நான் டிரைவருக்குப் பக்கத்தில். பூந்தமல்லியில் டீக்கு நிறுத்தியபோது எட்டிப் பார்த்தால், அந்தப் புது மாட்டிடம் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் யார் இருக்கிறோம், தண்ணீர்த் தொட்டி எங்கே என்று.

14 ஜனவரி, காலை 7.00

திருத்தம். பொய்கைச் சந்தை செவ்வாய்க்கிழமை. அம்மா சொல்லித் தெரிந்தது. திங்கள் சாயங்காலம் அப்பா இரண்டு சட்டையோடு கிளம்புவதை எத்தனையோ முறை பார்த்தும் ஞாயிறு என்று எழுதிவிட்டேன்.

இன்னொன்று, இது அவசரம். நாளை மாட்டுப் பொங்கல். தயவுசெய்து யாரும் மாட்டுக்குப் பொங்கலை வாளி வாளியாகக் கொட்டாதீர்கள். ஒரு கவளம் போதும். அரிசிச் சோறு நிறையப் போனால் இரைப்பையில் புளித்து அமிலமாகும், மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும், படுத்துவிடும், செத்தும் போகும். இந்த ஒரு நாளில் அப்பா திண்ணையிலேயே காவல் இருப்பார். கும்பிட்டுத் தட்டை வாங்கிக்கொள்வார், அந்தப் பக்கம் போனதும் எங்களுக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டில் சாயங்காலம்வரை ஊர்ப் பொங்கல்தான் சாப்பாடு. மாட்டுக்குக் கொடுக்க ஆசைப்பட்டால் கீரை, பழம், கரும்புத் தோகை கொடுங்கள்.

கேள்வியில் பிளாஸ்டிக் என்று இருந்ததே, அது முழுக்க உண்மை. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயல் மாடு ஒன்றின் வயிற்றிலிருந்து வேப்பேரியில் அறுவை செய்து 52 கிலோ எடுத்தார்கள். பேப்பரில் வந்த அன்றைக்கு அப்பாவுக்குக் கண் சரியில்லை, என்னைப் படிக்கச் சொன்னார். 52 என்றதும் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அது தானா தின்னல பாப்பா. மூட்டையா முடிஞ்சி போட்டா, உள்ள இருக்கற சோத்துக்காக மூட்டையோட முழுங்கும்" என்றார். மிச்சத்தைப் படிக்கவிடவில்லை.

15 ஜனவரி, மாலை 6.30

இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. கொம்புக்குப் பூச எந்த மாடும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வெளியே தெருவில் சலங்கைச் சத்தம் போகிறது.

சீம்பால் கேட்டிருந்தீர்கள். கன்று பிறந்த அன்றைய பால் கன்றுக்குத்தான், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குடித்தே ஆகவேண்டும், அதில்தான் அதற்கு நோய் எதிர்ப்பு வருகிறது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்காவது போக வேண்டும். அது குடித்தது போகத்தான் மனிதருக்கு. வெல்லமும் ஏலமும் போட்டு ஆவியில் வைத்தால் கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுகும். அப்பா வாடிக்கை வீடுகளுக்கு ஒவ்வொரு துண்டு கொண்டுபோய்க் கொடுப்பார். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும். திருவல்லிக்கேணியில் ஆலமரத்துக்கு எங்கே போவது? சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு எங்கேயோ போய்க் கட்டிவிட்டு வருவார். எந்த மரம் என்று எங்களுக்குக் கடைசிவரை சொல்லவில்லை.

கடைசி மாடு லட்சுமி. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். தொழுவத்து ஓடு எப்போதோ போய்த் தகரம் போட்டிருந்தோம். மத்தியானம் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு பறந்தது. அப்பாவுக்கு அறுபத்தெட்டு. அவளை அவிழ்த்து, நடுக்கூடத்துக்கே ஓட்டிவந்துவிட்டார். டி.வி.க்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு மாடு. பயத்தில் தரையெல்லாம் சாணி. அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு காற்று அடங்கும்வரை நின்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் வாசல் தெளிக்கிற மாதிரி கூடத்தைத் தெளித்துக் கழுவினாள்.

அடுத்த வருஷம் அவளைப் பொன்னேரிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் விட்டார். காசு வாங்கவில்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்த அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிடுவார்.

16 ஜனவரி, காலை 9.10

கேள்வி கேட்டவர் தனியாக எனக்கு எழுதியிருக்கிறார். போன வருஷம் அவருடைய அம்மாவைக் காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு மாடு தள்ளிவிட்டதாம். மணிக்கட்டு முறிந்து, இன்னும் தோசைக்கரண்டி பிடிக்க முடியவில்லை. மாட்டுக்காரர் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் அனுமதியோடு இதை இங்கே எழுதுகிறேன். முதல் பதிவில் மறுப்பு இருக்கிறது என்று வேகமாக ஆரம்பித்தேன். அந்த வேகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உங்கள் அம்மாவுக்காக நிஜமாகவே வருத்தப்படுகிறேன். எங்கள் பூக்காரப் பாட்டியின் மகனும் அன்றைக்கு உங்களைப் போலத்தான் கேட்டிருப்பார்.

17 ஜனவரி, இரவு 11.50

அண்ணன் அம்பத்தூரில் இருக்கிறான். இதையெல்லாம் படிக்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் பெண் காட்டியிருக்கிறாள். பத்து மணிக்குப் போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அம்மாவுக்கு ஏதாவதா என்று நான் பதற, அவன் சொன்னான்: "சிவப்பியக் கட்டுனது அப்பா இல்ல. நானு."

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருக்கிறான். அப்பா ஜாம் பஜாருக்குக் காலிஃபிளவர் தழை அள்ளப் போகும்போது, கன்று குடித்ததும் சிவப்பியைக் கட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெளியே பையன்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட, ஷூ லேஸ் மாதிரி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். பதின்மூன்று வயது.

சாயங்காலம் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நேரே தொழுவத்துக்குப் போனாராம். இவன் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அப்பா முளைப் பக்கத்தில் கிடந்த கயிற்றை எடுத்து, நுனியை விரலால் நீவிப் பார்த்தார். அவருடைய கட்டு அவிழ்ந்தால் கயிற்றில் அந்த வளைவு நிற்கும், இதில் இல்லை. தலையைத் தூக்காமலே, "சாப்டியா?" என்று கேட்டார். இல்லை என்றான். "போய்ச் சாப்புடு" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

"ஒரு அறை அறைஞ்சிருக்கலாம்" என்று அழுதான். முப்பது வருஷமாக அந்தத் திட்டுக்காகக் காத்திருந்தானாம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், ராத்திரி துணைக்குப் படுத்திருந்தபோது இவனே ஆரம்பித்திருக்கிறான், "அப்பா, அந்த சிவப்பி..." என்று. அப்பா கையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று. அப்புறம் கேட்டது, "சாப்டியா?"

என்னால் எழுத முடியவில்லை, நாளைக்குத் தொடர்கிறேன்.

18 ஜனவரி, காலை 6.15

இரண்டு விஷயம்.

ஒன்று, அந்த வட்டங்கள். பாட்டி வீட்டுப் பாலை மட்டும் நான் கொண்டுபோகிறேன் என்று அண்ணன்தான் அப்பாவிடம் கேட்டானாம். தினமும் காலையில் அரை லிட்டர் தூக்குவாளியோடு போய்விட்டு வந்து நோட்டில் குறித்தது அவன். கோடு போடுவது அப்பாவின் வேலை என்பதால் இவன் வட்டம் போட்டான். ராத்திரியே நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்று வயதில் ஆரம்பித்து இருபத்திரண்டு வரைக்கும். பரீட்சை நாளிலும் வட்டம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மாதத்திலும் இருக்கிறது. நடுவில் நான்கைந்து நாள் மட்டும் கோடு. அவனுக்கு அம்மை போட்டிருந்தது அப்போதுதான்.

இரண்டாவது, 12ஆம் தேதி நான் பெருமையாக எழுதியது. முடிச்சை எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார் என்று. சிவப்பி ஓடிய அதே வாரம் அது. என் கை நுணுக்கம் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று முப்பது வருஷம் நம்பியிருந்தேன். கயிற்றைப் பார்த்தாலே பையன் முகம் மாறுகிறது, இனி அவனைக் கட்டச் சொல்லக்கூடாது என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இது தெரிந்ததில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தொழுவத்தில் முட்டி போட்டு, என் விரலுக்கு மேல் அவர் விரலை வைத்து, "மடிச்சி உடு பாப்பா, மடிச்சி" என்று சொன்னது எனக்குச் சொன்னதுதான்.

13ஆம் தேதி பதிவில் "அப்பா எப்படி அப்படிக் கட்டினார்" என்று கேட்டிருந்தேன். அதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

19 ஜனவரி, இரவு 9.30

அண்ணன் இன்று வந்தான். சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா வெற்றிலையை மடித்தபடியே, "தெரியும்டா" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டோம். அப்பா சொல்லவில்லையாம். அன்றைக்கு ராத்திரி இவன் தூக்கத்தில் சிவப்பி சிவப்பி என்று கத்தினானாம், இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்களாம்.

லட்சுமியின் கயிறு பரணில் இருந்தது. எடுத்து உதறினேன். தேங்காய் நார்க் கயிறு, கைபட்டுக் கைபட்டுப் பட்டு மாதிரி ஆகிவிட்டது, நுனியில் மட்டும் அந்த வளைவு இன்னும் நிற்கிறது. ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்று சுற்றி அவன் கையில் கொடுத்தேன். அடியில் விட்டான். நேராக விட்டான். மடித்து விடு என்றேன்.

மூன்றாவது தடவை வந்தது. உடம்பையெல்லாம் கொடுத்து இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. நுனியைச் சொடுக்கினான், அவிழ்ந்தது. கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி இரண்டு சுற்று சுற்றினான்.